அங்கம்மாள் வீட்டில் ஆறு நாள்

காஞ்சிபுரம்
8-8-1973, புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க துரைக்கண்ணு அண்ணாவுக்குத் தங்கை கிருஷ்ணவேணி வணக்கம் சொல்லி எழுதும் கடிதம். அம்பத்தூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மாமா, அத்தை, உங்கள் மாப்பிள்ளை மூவரும் சுகம். பாப்பாவும் சுகம் என்றுதான் டாக்டர் சொல்கிறார். முந்தாநாள் இரண்டு தடவை தும்மினாள். அதை அவரிடம் சொன்னதற்கு, தும்மட்டும் என்றார். எட்டு மாதக் குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தும்மலாம் என்று அண்ணிக்குத் தெரிந்தால் கேட்டு எழுதுங்கள். உங்கள் கடிதம் ஆடி முதல் தேதியே வந்துவிட்டது. பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த மூன்று வாரமும் அலைந்துகொண்டிருந்தேன்.

முதலில் வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பாப்பா எழுந்துவிட்டால் முடியாது. வருகிற திங்கட்கிழமைக்குள் மாமா கையில் கிடைக்கும்படி நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நூல் சுற்றும் மோட்டார் மிஷின் நம் பட்டுப் புடவைத் தொழிலுக்குத் தேவையில்லை என்று அதில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை மோட்டார் கம்பெனிக்காரர் மறுபடி வருகிறார். மாமா சரி என்று சொல்லிவிட்டால், பதினெட்டு வருஷமாக நமக்கு நூல் சுற்றித் தருகிற அங்கம்மாளுக்கும் அவள் மருமகளுக்கும் மறுநாளிலிருந்து வேலை இல்லை. மிஷினைப் பின்கட்டுக் கொட்டகையில் போட்டு, ஓட்டுவதற்கு வாலாஜாபாத்திலிருந்து ஓர் ஆளை வைப்பதாக ஏற்பாடு. இதற்கெல்லாம் காரணம் நான் போட்ட படம். அந்தப் படம் போடக் கற்றுக்கொடுத்தது நீங்கள். ஆகவே பாதிப் பொறுப்பு உங்களுடையது.

ஆனி மாதம் பாப்பாவுக்கு மாகறல் கோயிலில் மொட்டை போட்டபோது, சாப்பாடு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து, தொழிற்சாலையில் நேரம் எங்கே வீணாகிறது என்று படம் போட்டுக் கண்டுபிடிக்கும் உங்கள் வேலையைப் பற்றி மாமாவிடம் ஒரு மணி நேரம் சொன்னீர்கள் அல்லவா, அவர் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் தூங்குகிறார் என்று நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள். அவர் தூங்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே, நம்மிடம் ஆர்டர் கொடுத்த சித்தூர்க்காரர் கல்யாணப் புடவை முகூர்த்தம் முடிந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. பெண் வேறு புடவை கட்டிக்கொண்டு தாலி கட்டிக்கொண்டாளாம். அவர்கள் எழுதிய கடிதத்தை மாமா சத்தமாகப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஒரு பொடவ நெய்ய பன்னண்டு நாளு. ஆர்டர் வாங்கனதுல இருந்து பெட்டில வைக்கறதுக்கு நாப்பது நாளு ஆவுது. மீதி இருபத்தெட்டு நாளு எங்கம்மா போவுது? உங்க அண்ணன் சொன்ன மாதிரி படம் போட்டுப் பாரு. பி.எஸ்ஸி. கணக்குப் படிச்ச பொண்ணுதான நீ" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். காலேஜ் முடித்து மூன்று வருஷத்தில் யாரும் என்னிடம் கணக்கு கேட்டதில்லை, பாப்பாவுக்குப் பால் எத்தனை அவுன்ஸ் என்பதைத் தவிர.

நீங்கள் அனுப்பிய குறிப்பில் இருந்தபடியே செய்தேன். வேலை நடந்தால் வட்டம், பொருள் ஓரிடத்திலிருந்து ஓரிடம் போனால் அம்பு, சரிபார்த்தால் சதுரம், பத்திரமாக எடுத்து வைத்தால் முக்கோணம், சும்மா காத்திருந்தால் அரைநிலா. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சாயக்காரர் வீடு, நூல் சுற்றும் வீடு, தறிக்கு நீள நூல் பாவு போடும் தெரு, தறி வீடுகள் என்று பட்டு நூல் போகிற வழியெல்லாம் நானும் போனேன். உங்கள் தொழிற்சாலையில் எப்படியோ, இங்கே நான் போன இடத்திலெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எனக்குக் காப்பி போட்டார்கள். சாயக்காரர் பூவராகவன் வீட்டில் முதல் நாள் நான் குறித்த அரைநிலா இருபத்திரண்டு நிமிஷம். அது அவர் மனைவி பால் வாங்கப் போய்வந்த நேரம். அதைப் படத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று உங்கள் குறிப்பில் இல்லை. நெசவு செய்கிற குமாரசாமி இன்னும் மோசம். "இதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்ணா" என்று கேட்டால், "அது ஆவறப்ப ஆவும்மா" என்பார். நான் கடிகாரத்தைப் பார்த்தால் அவர் என்னைப் பார்ப்பார். கடைசியில், "நான் எழுந்து வாசலுக்குப் போனா அம்பு போடற, வந்து குந்தனா வட்டம் போடற. வெத்தல துப்பத்தான் போனேன். அதுக்கு என்னம்மா படம்?" என்று கேட்டார். பக்கத்துத் தறிக்காரர்கள் சிரித்துச் சிரித்து அன்று சாயங்காலம் வரை ஒருவரும் நாலு விரற்கடைகூட நெய்யவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று மாமாவுக்குத் தெரியாது.

இரண்டாவது வாரத்தில் ஒரு காரியம் நடந்தது. நீங்கள் வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். வீட்டில் அவ்வளவு பெரிய தாள் இல்லாததால் புடவை டிசைன் போடுகிற கட்டம் போட்ட தாளில்தான் படம் போட்டேன். முதல் தாளை முடித்து, மற்ற டிசைன் தாள்கள் இருக்கும் அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் பாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சப் போனேன். டிசைனைப் பார்த்து, தறியில் பூ விழுவதற்கான ஓட்டை அட்டைகளை அடித்துக் கொடுக்கிற அந்தோணி வாரா வாரம் வந்து அந்தத் தட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு போவார். போனார். வரிசையாக வட்டம், அம்பு, அரைநிலா, முக்கோணம் இருப்பதைப் பார்த்து, இது ஏதோ மெட்ராஸ் பார்ட்டி கேட்ட புது முந்தானை என்று நினைத்து, ஐந்து நாள் உட்கார்ந்து மொத்தத்தையும் அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டார். குமாரசாமி ஒரு சாண் நெய்தும்விட்டார். தக்காளிச் சிவப்பில் ஜரிகை அரைநிலா. மாமா தறி பார்க்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டாராம். "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துது மொதலாளி, ஆனா இப்பல்லாம் இந்த மாதிரிதான கேக்கறாங்க" என்று குமாரசாமி சொல்லியிருக்கிறார். மாமா அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அரைநிலா நல்லாத்தான் இருக்குது. அம்புதான் கண்ணக் குத்துது" என்றார். அட்டை அடிப்பதற்கு முன்னால் யாராவது தாளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சதுரத்தைப் படத்தில் சேர்த்திருக்கிறேன். அதுவரை நம் தொழிலில் அந்தச் சதுரமே இல்லை.

எப்படியோ போன புதன்கிழமை படம் முடிந்தது. பதினாலு தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டிக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். மாமா தாளோடு தாளாக நடந்து பார்த்தார். நெசவு பன்னிரண்டு நாள், மற்ற வேலையெல்லாம் சேர்த்து நாலு நாள், மிச்சம் இருபத்து நாலு நாளும் அரைநிலா. அதில் சின்னச் சின்ன அரைநிலாக்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தன, ஆனால் பெரிய அரைநிலா ஒன்றே ஒன்றுதான். அங்கம்மாள் வீட்டு ஆணியில் சாயம் போட்ட நூல் கற்றை, அதாவது சிட்டம், ஆறு நாள் தொங்குகிறது. மாமா அந்த இடத்தில் விரலை வைத்தார். "அப்ப அங்கம்மாதான்" என்றார். மறுநாளே மோட்டார் கம்பெனிக்காரர் வந்துவிட்டார். ஒரு மிஷின் ஒரே நேரத்தில் எட்டு கதிரில் நூல் சுற்றும், நாலு பெண் பிள்ளைகள் வேலையைச் செய்யும், காப்பி கேட்காது என்றார். அந்தக் கடைசி வார்த்தை சொல்லும்போது என்னைப் பார்த்தார். குமாரசாமி ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணா, அந்த ஆறு நாளை நான் பொய்யாகக் குறிக்கவில்லை. சிட்டம் தொங்கியது, நான் பார்த்தேன், எழுதினேன். ஆனால் அங்கம்மாள் சோம்பேறி இல்லை. ராட்டினத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே பாப்பாவின் தொட்டிலைக் காலால் ஆட்டுகிறவள். நான் எத்தனை தடவை குழந்தையை அவளிடம் விட்டுவிட்டுச் சாயக்காரர் வீட்டுக்கு ஓடியிருக்கிறேன், அதற்கு ஒரு வட்டம்கூடப் போடவில்லை. மோட்டார்க்காரர் வந்துபோன மறுநாள் காலையில் அவளிடமே போய், சிட்டம் வந்த அன்றே ஏன் சுற்றுவதில்லை என்று கேட்டேன். "ஒடம்புக் கலரு வந்துடுது, கரைக் கலரு வரமாட்டேங்குது. பாவு போடறவரு ரெண்டையும் சேத்துதான் எடுத்துக்குவாரு. ஒண்ண மட்டும் சுத்தி வச்சிக்கினா எலி இழுத்துக்கினு போவும். நான் என்னாம்மா பண்றது?" என்றாள். சாயக்காரரிடம் போனேன். கரைக் கலர் ஏன் பிந்துகிறது என்று கேட்டேன். "கரைக்கு மாதிரித் துணி பாத்துதான் சாயம் கலக்கணும். மாதிரி எங்க இருக்குது? உங்க வூட்டு பீரோவுல. நான் என்னா வரலையா? தெனம் வரேன். அப்பறம் வாங்கன்னு அனுப்பிடறாங்க" என்றார். "யாரு அனுப்பறாங்க?" என்று நான் கேட்டேன். அவர் பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மாதிரித் துணிகள் இருக்கிற பீரோ, பாப்பாவின் தொட்டில் கட்டியிருக்கிற அறையில் இருக்கிறது. அதன் கதவைத் திறந்தால் ஒரு சத்தம் வரும். பாப்பா பிறந்த பதினாறாம் நாள் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து அரை மணி நேரம் அழுதாள். அன்றிலிருந்து அவள் தூங்கும்போது பீரோவை யாரும் திறக்கக் கூடாது என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை தூங்குகிறாள், மூன்றிலிருந்து ஐந்து வரை தூங்குகிறாள். பத்து மணிக்கு முன்னால் சாவியோடு மாமா பெருமாள் கோயிலிலும் கடையிலும் இருப்பார். ஒன்றிலிருந்து மூன்று வரை அவர் சாப்பிட்டுப் படுப்பார். ஐந்து மணிக்கு மேல் பூவராகவன் வரமாட்டார், விளக்கு வெளிச்சத்தில் கலர் பார்க்கக் கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஆகவே அவர் பதினோரு மணிக்கு வருவார், நான் வாசலிலேயே விரலை உதட்டில் வைத்துக் காட்டுவேன், அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். மறுநாளும் அப்படியே. நடுவில் அமாவாசை லீவு வந்தால் அதுவும் ஒரு நாள். சித்தூர்ப் பெண் வேறு புடவையில் தாலி கட்டிக்கொண்டதற்கு யார் காரணம் என்று இப்போது எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது.

தெரிந்த அன்று முதலில் நான் செய்தது பீரோக் கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டது. அதற்குப் பிறகு சத்தம் இரண்டு பங்காக வந்தது. உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லாத. பீரோவ கூடத்துல போட்டுடலாம்" என்றார். இன்று காலை மாமா கோயிலிலிருந்து அப்படியே தென்னேரிக்கு நிலம் பார்க்கப் போன நேரத்தில் உங்கள் மாப்பிள்ளை குமாரசாமியையும் இன்னும் இரண்டு தறிக்காரர்களையும் கூட்டிவந்தார். பாப்பா எழுந்த பிறகு நகர்த்தலாம் என்று நான் சொன்னேன், அவர்கள் தறிக்குப் போக வேண்டும் என்றார்கள். தொட்டில் மேல் ஒரு கம்பளியைப் போட்டுவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணா, அந்த பீரோ தேக்கு. நாலு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டு இழுத்தார்கள். நிலையில் இடித்தது, கண்ணாடி விழுந்து உடைந்தது, குமாரசாமி கால் விரலில் பீரோ ஏறி அவர் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பாப்பா திரும்பிப் படுத்தாள். அவ்வளவுதான். இப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். இவ்வளவு ஆழ்ந்து தூங்குவது சாதாரணம்தானா என்பதையும் அண்ணியிடம் கேளுங்கள்.

ஆகவே அந்த ஆறு நாள் அங்கம்மாளுடையது அல்ல, என்னுடையது. பீரோ கூடத்துக்கு வந்துவிட்டதால் அதுவும் இனி இல்லை. மோட்டாருக்கு ஒரு காரணமும் இல்லை. இதை நானே மாமாவிடம் சொல்லலாம். சொன்னால், ஏழரை மாதமாக இந்த வீட்டில் எல்லோரையும் நுனிக்காலில் நடக்க வைத்தது எதற்காக என்று அத்தை கேட்பார், அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் உத்தியோகத்தில் இருக்கிறவர், டைப் அடித்து எழுதினால் மாமா நம்புவார். படத்தைப் பார்வையிட்டதாகவும், தாமதத்துக்குக் காரணம் மாதிரித் துணி வைத்திருந்த இடம்தான் என்றும், மோட்டார் வாங்குவது வீண் என்றும், நூல் சுற்றுவது இப்போது இருப்பதுபோலவே அங்கம்மாளின் ராட்டினத்தில் நடப்பதுதான் சிறந்தது என்றும் எழுதிவிடுங்கள். தொட்டிலைப் பற்றி எழுத வேண்டாம். பதினெட்டு வருஷம் உழைத்தவளை என் பென்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று இருந்தால் என்னால் தாங்க முடியாது.

அண்ணிக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு முத்தத்தையும் சொல்லவும். மாமாவும் அத்தையும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். குமரக்கோட்டத்து முருகன் உங்கள் எல்லோரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். பாப்பா சார்பில் மாமன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை,
கிருஷ்ணவேணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அங்கம்மாள் சுற்றிய நூலைக் கொடுக்க வந்தாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "கவலப்படாத, மோட்டார் வராது, எங்க அண்ணாவுக்கு எழுதிட்டேன்" என்றேன். அவள் நூலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மோட்டாரு வேணாம்னு உனுக்கு யாரும்மா சொன்னது?" என்றாள். உனக்காகத்தான் என்றேன். "நாலு மாசமா வலது கைய தோளுக்கு மேல தூக்க முடியல. என் மருமவதான் எனுக்குத் தல சீவி வுடுது. அந்த மோட்டாருக்காரனாண்ட வாசல்லயே நிறுத்தி எல்லாம் கேட்டு வச்சிக்கினேன், நூலு அறுந்தா அதுவா நின்னுடுமாம். எல்லாரு வூட்லயும் வந்து கடியாரத்தப் பாத்துக்கினு நின்னியே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள். கேட்கவில்லைதான். சிட்டத்தைப் பற்றித்தான் கேட்டேன். "இப்ப பீரோவ வேற வெளிய கொணாந்து போட்டுட்டீங்க. ஆறு நாளு தங்கனதெல்லாம் ஒரே நாள்ல என் தலைல வந்து வுழும். கையால எப்படி சுத்தறது? மோட்டாரு வரணும். ஆனா கொட்டகைல வாலாஜாபாத்தான் ஓட்டக் கூடாது. என் வூட்ல போடட்டும், நான் ஓட்டறேன். எங்க நூலு மெலிசு, எங்க முடிச்சு வுழும்னு அவனுக்கு என்னா தெரியும்?" என்றாள். எனக்கும் இது சரியாகத்தான் படுகிறது. ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் விட்டுவிட்டு, மோட்டார் அவசியம் வேண்டும், அதை அங்கம்மாள் வீட்டில்தான் வைக்க வேண்டும், அவளும் அவள் மருமகளும்தான் ஓட்ட வேண்டும் என்று மாமாவுக்கு எழுதுங்கள். எதற்காக என்று அவர் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன், தொட்டில் உட்பட. எல்லாவற்றையும் திருத்தி எழுத நேரமில்லை, பாப்பா எழுந்துவிட்டாள், அங்கம்மாள் மடியில் இருக்கிறாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். ஒன்று விட்டுப்போய்விட்டது என்கிறாள். சுவிட்சைச் சுவரில் உயரத்தில் வைக்கக் கூடாதாம், தரையிலிருந்து மூன்றடிக்குள் இருக்க வேண்டுமாம், அதற்கு மேல் அவள் கை எட்டாது.